எல்லாக் கவுனையும் முதலில் போட்டவள்

எங்கள் கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அதுவும் பாதிதான் திரும்புவாள், மீதிப் பாதி அதற்குள் வாசல்படி இறங்கியிருக்கும். டீயை நின்றுகொண்டு குடிப்பாள். சாப்பாட்டை நடந்துகொண்டு சாப்பிடுவாள். போன் வந்துவிட்டால் போதும், கடையின் முன்கதவுக்கும் என் தையல் அறைக்கும் இடையே போவாள், வருவாள், போவாள். அந்த நடையில் தரைவிரிப்பே ஒரு ஓரமாகத் தேய்ந்துபோயிற்று. “ஒரு இடத்துல நில்லேன்டி, பார்க்கிற எனக்குத் தலை சுத்துது” என்று நானும் கத்திப் பார்த்துவிட்டேன். “நின்னா விழுந்துடுவேன்க்கா, பம்பரம்ல?” என்பாள். இப்படிப்பட்டவளுக்கு நாங்கள் கொடுத்திருந்த வேலை என்ன தெரியுமா? உட்கார்ந்து பார்ப்பது.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன். எங்களுடையது மணப்பெண்களுக்குக் கவுன் விற்கிற கடை. கடைக்கு முதலாளி அண்ணி. பம்பரத்தின் அண்ணன் மனைவி அவர். இவள் “அண்ணி, அண்ணி” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடை முழுக்க அவரை அண்ணி என்றே சொல்லப் பழகிவிட்டது. அவரைவிட வயதில் மூத்த நானும்தான். பம்பரத்தின் அண்ணன் முன்பக்கம் இருப்பார், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். பில் போட ஒருத்தி, அவள் பில்லுக்காரி. பின்னறையில் நான். வாங்கினவளின் உடம்புக்குத் தகுந்தபடி கவுனைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிற தையல்காரி. பம்பரத்துக்குக் கொள்முதல். எந்தப் பட்டறையில் நல்ல கவுன் தைக்கிறார்கள் என்று ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள்.

பொறுக்குவதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. லேஸை இழுத்துப் பார்த்து, சாட்டினைத் தடவிப் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை அவள். எந்தக் கவுனானாலும் போட்டுக்கொள்வாள். “எல்லாரும் நிக்கிறதுக்குன்னே கவுன் தைக்கிறாங்கக்கா. கல்யாணத்துல பொண்ணு பாதி நேரம் உட்கார்ந்துதானே இருப்பா?” என்பாள். போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவாள். ஸ்டூலில் உட்காருவாள். கார் சீட்டுக்குள் நுழைகிற மாதிரி என் துணி மூட்டைகளுக்கு நடுவே குனிந்து நுழைந்து உட்காருவாள். கையைத் தூக்கி யாருக்கோ டாட்டா காட்டுவாள். என்னைக் கட்டிப்பிடிப்பாள். கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளே எடுப்பாள். எல்லாம் முடிந்து, கடைசியாக அழுவாள்.

ஆமாம், அழுவாள். “அன்னைக்கு அழாத பொண்ணு உண்டாக்கா? விக்கி விக்கி அழும்போது பக்கத் தையல் தாங்கணும்ல?” கண்ணில் பொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆனால் தோள் குலுங்கும், மார்பு ஏறி இறங்கும், “அம்மா, நான் போறேன்மா” என்று வசனம் வேறு. பில்லுக்காரி சிரித்துச் சிரித்து மேஜையில் தலையை வைத்துவிடுவாள். எனக்கு வயிறு வலிக்கும். அண்ணன்கூட முன்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். சட்டென்று அழுகையை நிறுத்தி, “தையல் ஓகே, எழுதிக்கோ” என்பாள் பம்பரம்.

நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: “வந்தவங்க எல்லாம் என்னை உட்காரச் சொன்னாங்க.” ஒருதரம் ஒரு மணப்பெண்ணின் அம்மா சும்மா இருக்காமல், “உன் கல்யாணத்துக்கு நீ எந்த மாதிரி போட்டம்மா?” என்று கேட்டுவிட்டாள். பம்பரம் சிரித்துக்கொண்டே, “இந்தக் கடையில தொங்குற எல்லாக் கவுனையும் நான்தான்மா முதல்ல போட்டேன். அதுல எதைன்னு சொல்றது?” என்றாள். அந்த அம்மாளும் சிரித்தாள். நான் மட்டும் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன்.

சொந்த லேபிள் யோசனை அண்ணியுடையது. அதற்குக் காரணம் இந்தப் பாழாய்ப்போன போன். ஒரு பெண் வருவாள், கூடவே தோழிகள் வருவார்கள். மதியம் முழுக்க ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள், நான் மண்டி போட்டு ஊசி குத்திக்கொண்டிருப்பேன். தோழிகளில் ஒருத்தி கழுத்துக்குப் பின்னால் இருக்கிற லேபிளை நைசாகப் போட்டோ எடுப்பாள். அடுத்த நொடி அதே கவுன் வேறு எங்கே இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்று போன் சொல்லிவிடும். “யோசிச்சுட்டு வர்றோம்” என்று கிளம்புவார்கள். யோசிக்கப் போனவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை, அப்படி என்னதான் யோசிக்கிறார்களோ!

“நமக்குன்னு ஒரு டிசைன், நம்ம கடைப் பேர் போட்ட லேபிள். வேற எங்கயும் கிடைக்கக் கூடாது. அப்படித் தைச்சுத் தர்ற பட்டறையைக் கண்டுபிடி” என்றார் அண்ணி. பம்பரத்துக்குக் கேட்க வேண்டுமா? அங்கேயே ஒரு சுற்று சுற்றினாள். அண்ணி விடவில்லை. “முழுசா கேளு. மொத்தமா தைக்கிற முதல் லாட் நல்லா வந்தா லேபிள் நிலைக்கும். சொதப்பினா, பழையபடி மொத்தக் கடைக்காரன் அனுப்புறதை வாங்கித் தொங்கவிட்டுக்கலாம். அப்புறம் உனக்கு ஊர் சுத்துற வேலை இருக்காது. முன்பக்கம் ஆள் பத்தல. கல்லாவுல வந்து உட்காரு.”

கல்லாவில் உட்காரு என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. என் அறைக்கு வந்து, “அக்கா, என்னை அங்க உட்கார வச்சா நான் செத்தே போயிடுவேன்” என்றாள். “சாகிறது இருக்கட்டும், முதல்ல இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடு” என்றேன். நின்றபடியே கோத்துக் கொடுத்தாள், ஆனால் மூன்று தடவை தவறி நாலாவது தடவைதான் நூல் நுழைந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள்.

அதற்கப்புறம் அவளைக் கடையில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. இடது தோளில் அந்தப் பெரிய பை. உள்ளே சாட்டின் துண்டுகள், லேஸ் சுருள்கள், படப் புத்தகங்கள், கத்தரிக்கோல், கவுனின் அடி உயரம் பார்க்க ஒரு ஜோடி குதிகால் செருப்பு. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறி அலைந்தாள். ஒரு பட்டறையில் சாம்பிளில் ஒரு லேஸ், தைக்கும்போது வேறு லேஸ். இன்னொன்றில் “நாளைக்கு, நாளைக்கு” என்று இழுத்தார்கள். இன்னொருவன் எங்கள் டிசைனை எங்களுக்கே தெரியாமல் எதிர்க்கடைக்குக் காட்டியிருக்கிறான். கடைசியில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போகிற ஒரு பட்டறையைப் பிடித்தாள். சுத்தமான வேலை. அந்தக் கட்டிங் மாஸ்டருக்கு எது சொன்னாலும் “ஆகட்டும்” என்கிற ஒரே சொல்தான் தெரியும். முன்கையைச் சுருக்கணும் மாஸ்டர். ஆகட்டும். தரையில புரள்ற வாலை நீட்டணும். ஆகட்டும். ஆகட்டும் மாஸ்டர் என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டாள். “இப்படி ஒரு தங்கமான மனுஷனை நான் பார்த்ததே இல்லக்கா” என்றாள்.

சொந்த லேபிளுக்கு ஒரு நடைமுறை உண்டு. மாஸ்டர் ஒரு கவுன் தைத்துக் காட்டுவார். நாம் குறை சொல்வோம், திருத்துவார். எல்லாம் சரியென்றதும் அந்த ஒன்றில் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கட்டி, உறைக்குள் வைத்து ஒட்டி, பட்டறையிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் ஒப்புதல் சாம்பிள். அதைப் பார்த்துத்தான் லாட் முழுவதையும் வெட்டுவார்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அதைப் பிரித்து, வந்த சரக்கோடு வைத்துப் பார்க்கலாம். மற்றவர்கள் தலையில்லாத தையல் பொம்மையில் மாட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். இவள் தன் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து அழுது பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். மாடல் பல இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தோள் வெட்டு ஒன்றே.

லாட் வந்து இறங்கிய அன்று கடை கடையாக இல்லை. வெள்ளைச் சாட்டின் துண்டில் வெள்ளி நூலால் எங்கள் கடைப் பெயர். அண்ணி அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பம்பரம் மட்டும் ஹாங்கர்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்துகொண்டிருந்தாள்.

முதலில் வாங்கினவள் நீச்சல் சொல்லித்தருகிற ஒரு பெண். பலகை வைத்து அடித்த மாதிரி நேரான தோள். கவுனைப் போட்டாள், பிடித்துப்போயிற்று, வாங்கிவிட்டாள். மறுவாரம் இடுப்பு பிடிக்க வந்தவள், கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “அக்கா, இடது பக்கம் கடிக்குது” என்றாள். பார்த்தேன். கழுத்து லேஸ் இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கி, கோணலாக நின்றது. உட்காரச் சொன்னேன், இன்னும் ஏறியது. அடுத்த பெண்ணுக்கும் அப்படியே. அதற்கடுத்தவளுக்கும் அப்படியே.

தொங்குகிற அத்தனையையும் இறக்கி டேப்பை வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வலது தோள் லேஸைவிட இடது தோள் லேஸ் ஒரு விரல் குறைச்சல். ஒன்றில் என்றால் தைத்தவளின் கைப்பிசகு, எல்லாவற்றிலும் என்றால் வெட்டினவனின் தப்பு. பிடிக்கச் சொன்னால் எதையும் பிடித்துத் தருவேன். விடச் சொன்னால் உள்ளே துணி இருந்தால்தானே விட முடியும்? தோளில் லேஸை மடிப்பே இல்லாமல் ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் அந்த மாஸ்டரை என் வாயால் திட்டாத திட்டில்லை.

நீச்சல்காரியின் அம்மா கடைக்கே வந்து சத்தம் போட்டார். கல்யாணம் நெருங்கிவிட்டது, வேறு கவுனுக்கு எங்கே போவது? அண்ணி அன்று சாயங்காலம் பம்பரத்தைக் கூப்பிட்டு, “நாளைக்குப் போ. சாம்பிளைப் பிரி. மாஸ்டர் மேல தப்புன்னா லாட்டைத் திருப்பிக் குடுத்துடு” என்றார். என்னைப் பார்த்து, “நீங்களும் கூடப் போங்கக்கா. இவ தனியாப் போனா அடிதடிதான்” என்றார். லேபிளை என்ன செய்யப் போகிறார் என்று அண்ணி சொல்லவில்லை. முன்பக்கக் கல்லா நாற்காலியின் மேல் அடுக்கியிருந்த பெட்டிகளை அண்ணன் ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பம்பரமும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

பஸ்ஸில் இடம் இருந்தது. உட்கார்ந்தாளா? கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலேயே நின்றாள். லாட்டிலிருந்து ஒரு கவுன் என் மடியில், அந்தப் பை அவள் தோளில். “ஆகட்டும் ஆகட்டும்னு சொல்லியே கழுத்தறுத்துட்டாரு பாருங்க. என் உடம்புல அச்சா உட்கார்ந்துச்சுக்கா அந்த சாம்பிள். அழுதுகூடப் பார்த்தேன். லாட்ல எப்படிக் கோணும்?” ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவள்போல் படி வரை போய்விட்டு வந்தாள். நடத்துநர் இரண்டு தடவை, “இறங்கணுமாம்மா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார்.

இரும்புப் படியை அவள் ஏறிய சத்தத்திலேயே மேலே மெஷின்கள் நின்றுவிட்டன. மாஸ்டர் ஒல்லியான மனிதர், கழுத்தில் டேப்போடு எழுந்து நின்றார். “அளவு எல்லாம் சாம்பிள்படிதான் மேடம் வெட்டினோம்” என்று மெதுவாக ஆரம்பித்தார். பம்பரம் விடுவாளா? “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வெட்டத் தெரியாம வெட்டிட்டு சாம்பிள் மேல பழி போடாதீங்க. எடுங்க சாம்பிளை!” என்றாள்.

பீரோவிலிருந்து எடுத்து வந்தார். ஒட்டின உறை ஒட்டினபடி இருந்தது, அட்டையில் அவள் கையெழுத்து. நான் டேப்பை எடுத்தேன். “அளக்க வேணாம்க்கா. டேப் பொய் சொன்னாலும் உடம்பு பொய் சொல்லாது. போட்டே காட்டுறேன்” என்று மறைப்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தாள். நேராக நின்றது. கழுத்து லேஸ் நூல் பிடித்த மாதிரி. உட்கார்ந்தாள், கையைத் தூக்கினாள், ஒன்றும் கடிக்கவில்லை. “பார்த்தீங்களா? இப்ப உங்க லாட்டைப் போடுறேன். கோணலைக் கண்ணால பாருங்க” என்று மறுபடி போனாள்.

லாட் கவுனோடு வந்தாள். அதுவும் நேராக நின்றது.

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஒரு கோணலும் இல்லை. எனக்கு எதுவோ சரியில்லை என்று பட்டது. கழற்றி வைத்த சாம்பிளை எடுத்து மேஜையில் விரித்து டேப்பை வைத்தேன். அதிலும் இடது தோள் ஒரு விரல் குறைச்சல். கைத்தையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அதை மாட்டச் சொன்னேன். அவள் உடம்பில் கழுத்து இடப்பக்கம் ஏறிக்கொண்டு நின்றது, எங்கள் நீச்சல்காரிக்கு நின்ற மாதிரியே.

நான் பம்பரத்தின் பின்னால் போய் அவளுடைய இரண்டு தோளிலும் கையை வைத்தேன். நாள் முழுக்க ஊர்ப் பெண்களின் தோளை அளக்கிறவள் நான். இவள் தோளை ஒருநாளும் அளந்ததில்லை, அளக்கிற அளவுக்கு அவள் ஒருநாளும் நின்றதில்லை. என் இடது கை தாழ்ந்து நின்றது, சரியாக ஒரு விரல். இத்தனை வருஷமும் அந்தப் பை தொங்கின தோள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “அன்னைக்குப் பொம்மையில நேராத்தான் இருந்துச்சு மேடம். நீங்க போட்டுட்டு, இடது பக்கம் லூசா இருக்கு, பிடின்னீங்க. பிடிச்சேன். இன்னும் பிடின்னீங்க. இன்னும் பிடிச்சேன்.”

“பொம்மையில ஒருதடவை மாட்டிப் பார்க்கலாம்னு வாய் திறந்து சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருந்தீங்க?” என்று நான் பாய்ந்தேன்.

“சொன்னேம்மா. பொம்மை உட்காருமா, பொம்மை அழுமான்னு கேட்டாங்க. ஆகட்டும்னுட்டேன்.”

பம்பரம் அந்தக் கவுனோடு அப்படியே நின்றாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தோளும் தெரியாதுபோல. அப்புறம் இடது தோளைத் தடவிக்கொண்டே, “கூடம் கோணல் இல்ல மாஸ்டர். ஆடினவதான் கோணல்” என்றாள். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அந்த மனிதருக்கு அதுதான் தாங்கவில்லை. “வேணாம் மேடம். நான்தான் வெட்டுல தப்புப் பண்ணிட்டேன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிடுங்க. என்னைத் திட்டிட்டுப் போகட்டும். நீங்க அந்த இடத்துல இருந்தாத்தான் லேபிள் நடக்கும், எங்களுக்கும் வேலை வரும்” என்றார். தோளுக்குத் துண்டு வைக்க உதவும் என்று, அதே லேஸின் வெட்டு மீதிகளை ஒரு கோணிப்பையில் அள்ளி என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது பையை அவள் வலது தோளில் மாட்டிக்கொண்டாள். நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி முழங்கைக்கு வந்தது. ஏற்றுவாள், வழுக்கும், ஏற்றுவாள். எனக்குப் பொறுக்கவில்லை. “அந்த மனுஷனே ஏத்துக்கிறேங்கிறாரு. நீ எதுக்குடி மூஞ்சியை இப்படி வச்சிருக்க? வாயை மூடிட்டு இரு. நானும் சொல்ல மாட்டேன்.”

“அண்ணி இவரை நிறுத்திட்டு வேற பட்டறை பார்க்கச் சொன்னா?”

“பார்ப்போம். உனக்கென்ன, ஊர் சுத்துறது புதுசா?”

“அங்கயும் நான்தானே போட்டுப் பார்ப்பேன்? அங்கயும் கோணும். அப்ப அந்த மாஸ்டரையும் திட்டணும்.” பை மறுபடி வழுக்கியது. “சொன்னா என்னைக் கல்லாவுல உட்கார வச்சிடுவாங்கள்லக்கா?”

எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. “உட்காரு முதல்ல, இந்த சீட்டுல” என்று கத்தினேன். உட்கார்ந்தாள், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் எழுந்துவிட்டாள்.

கடையில் நீச்சல்காரியும் அவள் அம்மாவும் காத்திருந்தார்கள். அண்ணி எதிரே நின்றிருந்தார். இவள் பையைக்கூட இறக்காமல் நேராகப் போனாள். “அண்ணி, மாஸ்டர் மேல தப்பில்ல. சாம்பிள்லயே கோணல். பொம்மையில போடாம என் மேல போட்டு அளவெடுக்க வச்சேன். என் இடது தோள் இறங்கியிருக்கு. எல்லாக் கவுனும் என்னை மாதிரியே கோணிக்கிட்டு வந்திருக்கு.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அண்ணன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார், அதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அண்ணி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்று பக்கக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். “நில்லு. அசையாம நில்லு” என்றார். நின்றாள். அண்ணி அவள் தோள்களைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பையை வாங்கினார். வாங்கின கை சடாரென்று கீழே போயிற்று. “என்னடி இது, கல்லையா கட்டித் தூக்கிட்டுத் திரியுற? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சக்கரம் வச்ச பெட்டி வாங்கித் தந்திருக்க மாட்டேனா?”

“சக்கரப் பெட்டி இரும்புப் படி ஏறாது அண்ணி.”

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம், “அக்கா, இந்தப் பொண்ணுக்குச் சரி பண்ண முடியுமா, முடியாதா?” என்று கத்தினார். முடியும் என்றேன். மாஸ்டர் கொடுத்த லேஸிலிருந்து பூவாகப் பார்த்து வெட்டி, இடது தோளில் ஒரு விரல் துண்டு வைத்தேன். ஒட்டு தெரியவில்லை. நீச்சல்காரி கண்ணாடி முன் நீந்துகிற மாதிரி இரண்டு கையையும் சுழற்றிப் பார்த்துவிட்டு, “கடிக்கல” என்றாள். அவள் அம்மா அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். மீதிக் கவுன்களுக்கும் அப்படியே துண்டு வைத்து முடிப்பதற்குள் என் கண் பூத்துவிட்டது.

தீர்ப்பை அண்ணி மறுநாள் சொன்னார். “லேபிளை நிறுத்தப் போறதில்ல. மாஸ்டரையும் மாத்தல. கல்லாவுக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன், நீ எப்பவும்போல சுத்து.” பம்பரம் பாதி திரும்பிவிட்டாள், கால் வாசலுக்குப் போய்விட்டது. “நில்லு, இன்னும் முடிக்கல. இனிமே சாம்பிளை நீ போட வேணாம். பில்லுக்காரி போடட்டும். அவளுக்குத் தோள் நேரா இருக்கு.”

“சரி அண்ணி” என்றாள் பம்பரம். யோசிக்கவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, போ” என்று அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினேன். “ம்” என்றாள்.

ஒப்புதலுக்கு அடுத்த சாம்பிள் வந்தது. முழுக்கை வைத்தது, முதுகு முழுக்கக் குட்டிப் பொத்தான்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. பம்பரம்தான் பட்டறையிலிருந்து எடுத்து வந்தாள், உறையைப் பிரித்து உதறினாள், கை தன்னால் தோள் பக்கம் போயிற்று. அப்புறம் அதைப் பில்லுக்காரியிடம் நீட்டினாள்.

பில்லுக்காரி மாட்டிக்கொண்டு என் அறை நடுவில் நின்றாள். பம்பரம் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “உட்காரு. சாயாத, நேரா உட்காரு. எழுந்திரு. கையைத் தூக்கு. அக்காவைக் கட்டிப்பிடி. இறுக்கிப் பிடி, பிரிஞ்சு போகப் போறவ மாதிரி. கைக்குட்டையை எடு. ம். இப்ப அழு.”

“அழணுமா?” பில்லுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளைக் குலுக்கினாள், விக்கல் வந்தவள்போல் இருந்தது. மறுபடி முயன்றாள், மறுபடி சிரித்தாள். “எனக்கு வரலக்கா. நீங்களே ஒருதடவை செஞ்சு காட்டுங்க, பார்த்துக்கிறேன்.”

“இதுகூடத் தெரியாதாடி? இங்க பாரு” என்று பம்பரம் அவள் எதிரில் வந்து நின்றாள். தோளைக் குலுக்கினாள். மூச்சை இழுத்தாள். “அம்மா, நான் போறேன்மா” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் எப்போதும்போல் சிரித்தோம். அவள் நிறுத்துவாள், தையல் ஓகே என்பாள் என்று காத்திருந்தோம். நிறுத்தவில்லை. “போறேன்மா” என்று இன்னொரு தடவை சொன்னாள், சொல்லும்போதே குரல் உடைந்தது. கன்னத்தில் வழிந்தது தண்ணீர். பஸ்ஸில் கசங்கின சட்டையோடு, ஒரு கவுனும் இல்லாமல், அந்தத் தாழ்ந்த தோளும் நேரான தோளும் சேர்ந்து குலுங்கக் குலுங்க அழுதாள்.

பில்லுக்காரி சிரித்த வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு என்னை நாலு அறை அறையலாம்போல் இருந்தது. தலைப்பாகையோடு போனதாமே! அவளிடம் இருந்ததே இரண்டு, ஊர் சுற்றுவதும் கவுனும். அதில் ஒன்றைப் பறிகொடுத்தவளை, தப்பித்தாய் போ என்று முதுகில் தட்டியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பார்த்துக்கிட்டியா? இவ்வளவுக்குத் தையல் தாங்கணும்” என்றாள் பில்லுக்காரியிடம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.